ஒரே ஆணியில் இரண்டு படங்கள்

ஜலஜா அலங்கரித்துக் கொடுத்த வீடுகளின் சுவர்களில் மனித முகம் இருந்ததில்லை. ஒரு வீடு விற்பனைக்கு வந்தால், அங்குள்ள குடும்பப் படங்களையும் சாமி படங்களையும் அவர் முதலில் இறக்கிவிடுவார். பார்க்க வருபவர் அந்த வீட்டில் தம்மைத்தான் காண வேண்டும், அங்கே ஏற்கெனவே வாழ்ந்தவரை அல்ல. ஹோம் ஸ்டேஜிங் என்ற அந்தத் தொழிலில் அவர் ஒருபோதும் தளர்த்தாத விதி இது. ஒரே ஒரு முறை தளர்த்தினார்.

கோயம்புத்தூரில் வேதியியல் படித்த ஜலஜா, 2001இல் கணவர் அனந்தராமனின் வேலையைச் சார்ந்த விசாவில் கலிபோர்னியாவின் சான் ரமோனுக்கு வந்தார். அந்த விசாவில் அவர் வேலைக்குப் போகக் கூடாது. கிரீன் கார்டு கிடைத்தபின் படங்களுக்குச் சட்டமிடும் கடையொன்றில் சேர்ந்தார். சோபாவுக்கு மேல் மாட்டும் படம் சோபாவின் அகலத்தில் மூன்றில் இரண்டு பங்காவது இருக்க வேண்டும், படத்தின் மையம் நிற்பவரின் கண்மட்டத்தில் அமைய வேண்டும் என்பவற்றையெல்லாம் அங்கே கற்றார். அந்தக் கடை மூடப்பட்டபோது, விற்காமல் எஞ்சிய அச்சுப்படங்கள் சிலவற்றை வாங்கிக்கொண்டு சொந்தமாகத் தொழில் தொடங்கினார்.

அவற்றில் மிகப் பெரியது ஒரு பாலைவன ஓவியத்தின் அச்சு. நியூ மெக்சிகோ பகுதியில் வைக்கோல் கலந்த சுடாத மண்செங்கல்லால் கட்டி மண்ணையே பூசிய அடோபி வீடு ஒன்றை யாரோ ஒரு நவீன ஓவியர் தீட்டியிருந்தார். செங்கல்லோ வைக்கோலோ அதில் தெரியவில்லை. முனை மழுங்கிய பழுப்புச் சுவர், கறுப்புச் செவ்வகமாக ஒரு வாசல், மேலே ஒரு விரற்கடை நீலம், அவ்வளவுதான். ஜலஜா அதை வீட்டுக்கு வீடு எடுத்துச் சென்றார். எந்தச் சோபாவின் நிறத்தோடும் அது சண்டையிடவில்லை.

2008 இலையுதிர்காலத்தில் கருப்பசாமி, தனபாக்கியம் தம்பதியின் வீட்டுக்கு அவரை அழைத்தார்கள். கோவில்பட்டிப் பக்கத்திலிருந்து வந்து இருபது ஆண்டுகளாக அங்கே வாழ்பவர்கள். கருப்பசாமிக்கு வேலை போயிருந்தது. கடன் தவணை நின்றதால் வங்கி நோட்டீஸ் அனுப்பிவிட்டது. ஏலத்துக்குப் போகுமுன் விற்றாக வேண்டும். இல்லையேல் வீட்டோடு அதில் போட்டதெல்லாம் போய்விடும்.

கருப்பசாமி அச்சுப்படத்தைச் சுற்றிச் சுற்றிப் பார்த்தார்.

“ஏம்மா, எங்க ஊர்ல மழைக்குக் கரைஞ்சுபோன வீடு இப்படித்தான் இருக்கும். இதுக்குப் போய் ஃபிரேம் போட்டுருக்கீங்க? ஒரு சன்னல்கூடக் காணோம்.”

“ஆளில்லாத வீடு சார். வர்றவங்க அவங்களே குடியிருக்கற மாதிரி இமேஜின் பண்ணிக்குவாங்க.”

“நல்லா பண்ணுவாங்க. கரண்ட் பில்லும் கம்மியா வரும்.”

ஆனால் அந்தப் படம் மாட்ட வேண்டிய சுவரில் கதிர் இருந்தான். சந்தன மாலையும் சிறு மின்விளக்கும் போட்ட அவர்களுடைய ஒரே மகனின் புகைப்படம். இரண்டாண்டுகளுக்கு முன் ஃப்ரீவேயில் நடந்த கார் விபத்தில் பதினேழு வயதில் அவன் இறந்திருந்தான்.

“சாமி படத்தக்கூட எடுத்துக்கோம்மா,” என்றார் தனபாக்கியம். “அவன மட்டும் பெட்டில வச்சு மூடாத. ஒருதடவ மூடிட்டோம்ல.”

“பெட்ரூம்ல வச்சுக்கலாமா அக்கா?”

“அங்கயும் வந்து பாப்பாங்கல்ல?”

“அப்ப எல்லாரும் வந்து பாக்கற ஓபன் ஹவுஸ் முடியற வரைக்கும் உங்க கார்ல...”

“கார்லயா?”

ஜலஜா தலைகுனிந்தார். பிறகு மாலையையும் விளக்கையும் கழற்றினார்; புகைப்படத்தை அந்த இடத்திலிருந்து அகற்றவில்லை. ஆணியை மட்டும் நீளமான ஒன்றாக மாற்றி, கதிருக்கு முன்னால் அதே ஆணியில் மண்வீட்டை மாட்டினார். படம் சுவரைவிட்டுத் துருத்தியது. அது சாயாமலிருக்கக் கீழ் மூலைகளில் தக்கைத் துண்டுகளை ஒட்டினார். தனபாக்கியம் நாள்தோறும் காலையில் மண்வீட்டை இறக்கி, மகனின் படத்துக்குச் சந்தனப் பொட்டிட்டு, மீண்டும் மாட்டிவந்தார்.

வந்தவர்களில் ஷ்யாமளாவும் அவர் கணவர் நஞ்சுண்டனும் மட்டுமே இரண்டாம் முறை வந்தார்கள். பள்ளிக்கூடம் பக்கத்தில் இருப்பது அவர்களுக்குப் பிடித்திருந்தது. விலை சொல்லவும் தயாராக இருந்தார்கள். நஞ்சுண்டன் ஏஜென்ட்டோடு சமையலறையில் பேசிக்கொண்டிருக்க, கூடத்தில் ஷ்யாமளா சுவரைப் பார்த்து நின்றார்.

“இந்த பிரின்ட் செம கிளாஸா இருக்குங்க. எங்க வாங்குனீங்க?”

“பழைய ஃபிரேம் கடைல. இப்ப அந்தக் கடை இல்ல.”

“பின்னாடி லேபிள் இருக்கும்ல, நெட்ல தேடிப் பாக்கறேன்,” என்றவர், ஜலஜா எட்டிப் பிடிக்குமுன் சட்டத்தைத் தூக்கிவிட்டார்.

கதிர் சிரித்துக்கொண்டிருந்தான். நெற்றியில் சந்தனம் ஈரம் காயாமல் இருந்தது.

“ஐயோ... யாருங்க இது?”

“இந்த வீட்டுப் பையன்.”

உயிரோடு இருக்கிறானா என்று ஷ்யாமளா கேட்கவில்லை. “இந்த வீட்லயேவா?” என்றுதான் கேட்டார்.

“இல்லைங்க, ஃப்ரீவேல. சத்தியமா.”

“அப்பறம் எதுக்கு மறைச்சு வச்சீங்க? நீங்களும் தமிழ்தானே? ஒரு வார்த்தை சொல்ல வேண்டாமா?”

சத்தம் கேட்டு வந்த நஞ்சுண்டன் படத்தைப் பார்த்தார். “எனக்கு இதுல எல்லாம் நம்பிக்கை கிடையாதுங்க,” என்றார் மெதுவாக. “ஆனா எங்கம்மாவுக்குத் தெரிஞ்சா இந்த வாசப்படி மிதிக்க மாட்டாங்க. ஷ்யாமு, வா.”

அவர்கள் திரும்பவில்லை. செய்தி அடுத்த வாரத்துக்குள் கோவிலிலும் தமிழ்ச் சங்கத்திலும் பரவியது. விபத்து வீட்டுக்குள் நடந்ததாகவே அங்கே பேசிக்கொண்டார்கள். அதன்பின் தமிழர் எவரும் வரவில்லை. வீட்டுச் சந்தை சரிந்துகிடந்த அந்தக் குளிர்காலத்தில் வேறு யாரும் வீடு தேடி வரவில்லை. 2009 தொடக்கத்தில் வீடு ஏலத்தில் போனது.

கருப்பசாமிக்கு டெக்சாசின் இர்விங் நகரில் ஒப்பந்த வேலை கிடைத்திருந்தது. அவர்கள் கிளம்பும் நாளில் ஜலஜா தம் படத்தை எடுத்துப்போக வந்தார்.

“என்னாலதான் அக்கா. அன்னிக்கே நான் முடியாதுன்னு சொல்லியிருக்கணும்.”

“சொல்லியிருந்தா உன்ன வெளிய போகச் சொல்லியிருப்பேன்,” என்றார் தனபாக்கியம். அவர் ஜலஜாவைப் பார்க்கவில்லை.

வாசலில் கருப்பசாமி, துண்டில் சுற்றிய புகைப்படத்தைக் காரின் பின்னிருக்கையில் நிறுத்தி வைத்திருந்தார். பெல்ட்டை இழுத்து அதன் குறுக்கே மாட்டினார். சரியாக மாட்டியதா என்று இரண்டு முறை இழுத்துப் பார்த்தார். பெட்டியும் வேண்டாம், காரும் வேண்டாம் என்றிருந்த தனபாக்கியம் அதன் பக்கத்தில் ஏறி அமர்ந்தார்.

அந்த மாதமே வேறொரு வீட்டில், மாமனாரின் மாலையிட்ட படத்தைக் காட்டி, “இது மட்டும் இருக்கட்டுமே, ப்ளீஸ்,” என்று ஒரு பெண் கெஞ்சினார். ஜலஜா அதை இறக்கி, பெட்டியில் வைத்து, நாடா ஒட்டித் தாமே கராஜுக்குத் தூக்கிப்போனார். திரும்பி வந்து மண்வீட்டைச் சுவரோரம் கவிழ்த்து வைத்தார். அதன் முதுகுத் தாளில், ஒரு நெற்றி அழுந்தியிருந்த உயரத்தில், சந்தனக் கறை அடுக்கடுக்காகப் படிந்திருந்தது. அதைச் சுரண்டாமல், மூலைகளிலிருந்த தக்கைத் துண்டுகளை மட்டும் பிய்த்துவிட்டு, படத்தை நிமிர்த்தி மாட்டினார். சுவருக்கும் சட்டத்துக்கும் நடுவே விரல் நுழைகிறதா என்று நான்கு பக்கமும் தடவிப் பார்த்தார். நுழையவில்லை.