அக்காவுக்குப் பதிலாக நான் போய் நின்ற வரிசை

இன்று காலை என் மகள் கட்டிலில் படுத்தபடியே மாஸ்டர்ஸ் படிப்புக்கு அடுத்த செமஸ்டர் ரெஜிஸ்டர் பண்ணிவிட்டாள்.

போனில் இரண்டு தட்டு. முடிந்தது!

"அவ்வளவுதானா?" என்றேன்.

"அவ்வளவுதாம்மா. ஏன், பஸ் ஏறிப் போகணுமா?" என்று சிரித்தாள்.

நான் ஏறிப் போனேன், மகளே. இரண்டு தடவை! (படித்தது நான் இல்லை. நான் ஆறாம் வகுப்போடு சரி.)

எண்பதுகளின் நடுவில் நடந்தது. கேமரன் மலையில் எங்கள் தேயிலைத் தோட்டத்து லயத்து வரிசை வீடுகளிலிருந்து முதன்முதலில் யுனிவர்சிட்டிக்குப் போனவள் என் அக்கா மாலா. டிகிரி முடித்து, கல்யாணம் முடித்து, மறுபடியும் படிக்க மாஸ்டர்ஸ் சேர்ந்தாள். கொழுந்தைக் கருக்கிப்போடும் ஒரு பூச்சியைப் பற்றி ஆராய்ச்சி. கிளாஸ் கிடையாது. மலையில் இருந்தே செய்யலாம். செமஸ்டருக்கு ஒரு முறை கோலாலம்பூர் போய்ப் பதிந்துவிட்டு வரவேண்டும்.

நான் அப்போது கொழுந்து பறித்துக்கொண்டிருந்தேன். பறிக்கிற நேரத்தில் அந்தப் பூச்சியைப் புட்டியில் பிடித்துக் கொடுப்பதும் நான்தான். (சம்பளம் இல்லாத சயின்டிஸ்ட்!)

அந்த முறை அக்கா பதியப் போவதற்குள் குழந்தை முந்திக்கொண்டது. தானா ராத்தா ஆஸ்பத்திரியில் ஆபரேஷன்.

மறுநாள் விடிகாலைப் பெரட்டு. தோட்டத்தில் ஆள்களை நிற்க வைத்துப் பெயர் கூப்பிடுவார்களே, அதுதான். தபால் கொடுப்பதும் அங்கேதான். அக்காவுக்கு வந்த கடிதத்தை ஆபீஸ் கிராணி, அதாவது கிளார்க், பிரித்துப் படித்தார்.

"வெள்ளிக்கிழமைக்குள்ள பதியலைன்னா உங்க அக்கா பேரை வெட்டிடுவாங்களாம் லா."

பேர் வெட்டுவது என்றால் என்னவென்று எங்களுக்கு யாரும் சொல்லித்தர வேண்டாம். பெரட்டில் தொடர்ந்து நிற்காவிட்டால் பெயர் போகும். பெயர் போனால் வேலை போகும், வீடும் போகும். அதனால் எங்களிடம் ஒரு வழக்கம் உண்டு. அம்மாவுக்குக் காய்ச்சல் என்றால் மகள் போய் நிற்பாள். ஆள் எண்ணிக்கை சரியாக இருந்தால் கங்காணி முகத்தைப் பார்க்கமாட்டார்.

இது எனக்குத் தெரிந்த வேலைதானே!

அக்காவின் மாணவர் அட்டையை எடுத்துக்கொண்டு, அவளிடம் ஒரு வார்த்தை சொல்லாமல், புதன்கிழமை முதல் பஸ் ஏறினேன். ரிங்லெட் தாண்டுவதற்குள் இரண்டு முறை வாந்தி.

யுனிவர்சிட்டி கவுண்டரில் நீள வரிசை. கண்ணாடி போட்ட தமிழர் ஒருவர் அட்டையைப் பார்த்தார், என்னைப் பார்த்தார்.

"நீதான் மாலாவா?"

"இல்லைங்க கிராணி. மாலா தங்கச்சி. அக்கா புள்ள பெத்து ஆஸ்பத்திரியில கெடக்கு. அதுக்குப் பதிலா நான் நிக்கிறேன்."

"தங்கச்சி, இது படிப்பு. ஆள் மாத்தி நிக்க முடியாது லா."

"பாதி வேலை நான்தாங்க செய்றேன். பூச்சி பிடிக்கிறதே நான்தான்!"

வரிசையே சிரித்தது. அவர் மட்டும் சிரிக்கவில்லை. வேறொரு விண்ணப்பப் பாரத்தை எடுத்தார்.

"பிரசவம்னா ஒரு செமஸ்டர் தள்ளி வைக்கலாம். பேர் அப்படியே இருக்கும். டாக்டர் கடிதம் வேணும், அக்கா கையெழுத்து வேணும். வெள்ளிக்கிழமை நாலு மணிக்குள்ள கொண்டா. புரொபசர் கையெழுத்தை நான் வாங்கித் தரேன்."

"அக்கா கையெழுத்துதானே? கொடுங்க, இப்பவே போட்டுடறேன்."

"ஐயோ, ஒன்னும் வேணாம்!" என்று பேனாவைப் பிடுங்கிக்கொண்டார்.

வியாழக்கிழமை ஆஸ்பத்திரி. டாக்டர் கடிதம் உடனே கிடைத்துவிட்டது. அக்காதான் பாரத்தைக் கையில் வாங்கவில்லை.

"வெட்டட்டும்டி. கைப்புள்ளைய வச்சிக்கிட்டு யாரு பூச்சி எண்ணுறது? போதும்."

நான் எதற்கும் கிண்டல் பேசுகிறவள். அன்றைக்கு வரவில்லை.

"அக்கா, அம்மா வழுக்கி விழுந்தப்போ, கொஞ்ச நாளைக்குன்னுதான் நான் ஸ்கூலுக்குப் போகாம நின்னேன். அப்புறம் போனேன். டீச்சர் பேர் கூப்பிட்டாங்க. எனக்கு முன்னாடி பேரக் கூப்பிட்டாங்க, பின்னாடி பேரக் கூப்பிட்டாங்க. நான் கையத் தூக்கி வச்சிக்கிட்டே உக்காந்திருந்தேன். வெட்டப் போறோம்னு எனக்கு யாரும் லெட்டர் போடல. உனக்குப் போட்டிருக்காங்க."

அக்கா அதுவரைக்கும் அதைக் கேட்டதில்லை. அவள் அப்போது பட்டணத்தில் ஹாஸ்டலில் இருந்தாள்.

குழந்தையை என் மடியில் போட்டாள். கையெழுத்துப் போட்டாள்.

வெள்ளிக்கிழமை மறுபடியும் பஸ், மறுபடியும் வாந்தி (இந்த முறை மூன்று!). வழியில் லோரி ஒன்று குறுக்கே நின்று, கவுண்டர் மூடப் பத்து நிமிடம் இருக்கும்போது ஓடிப்போய்ச் சேர்ந்தேன்.

அவர் பாரத்தில் முத்திரை குத்தினார். பிறகு பெரிய புத்தகம் ஒன்றைத் திருப்பி என் பக்கம் தள்ளினார்.

"இங்க பேர் எழுது."

"அக்கா பேரா?"

"இல்ல. கொண்டு வந்தது யாரு? உன் பேரு."

சாந்தி என்று எழுதினேன். கோடு தாண்டிப் போய்விட்டது.

அக்கா மாஸ்டர்ஸ் முடித்துவிட்டாள். அந்தப் புத்தகத்தில் என் பெயரை மட்டும் இதுவரை யாரும் வெட்டவில்லை என்றுதான் நினைக்கிறேன்.

உங்களில் எத்தனை பேர், கூப்பிடாத பெயருக்குக் கையைத் தூக்கி வைத்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறீர்கள்? சொல்லுங்கள்.

அக்கா, படித்தாயென்றால் ஒரு லைக் போடு. உனக்குப் பதிலாக அதையும் நானே போடவேண்டியதாகிவிடப் போகிறது!