பூச்சி என்று நான் சொன்னது

வாயைத் திறக்கச் சொல்லி, திறந்த வாய்க்குள் இரண்டு கையையும் விட்டுக்கொண்டு, "வலிக்குதா?" என்று பதில் சொல்ல முடியாத கேள்வியைக் கேட்பதுதான் எங்கள் தொழில். வில்லியனூரில் நான் பல் கிளினிக் வைத்துப் பதினோரு வருஷமாகிறது. அந்த நாற்காலியின் கைப்பிடியை இறுகப் பிடித்திருந்தவர்கள் உங்களில் நிறையப் பேர் இருப்பீர்கள். பக்கத்தில் நிற்கிறவள் படும் பாட்டையும் கொஞ்சம் கேளுங்கள்.

மூன்று தடவை

சேதராப்பட்டு கம்பெனியில் வேலை பார்க்கிறவர், கன்னம் வீங்கி, யூனிஃபார்மோடு வந்தார். கடைவாய்ப் பல். வேர் சிகிச்சை செய்தால் பல்லைக் காப்பாற்றிவிடலாம், மூன்று தடவை வரவேண்டியிருக்கும் என்றேன். படம் போட்டுக்கூடக் காட்டினேன்.

பொறுமையாகக் கேட்டுவிட்டுச் சொன்னார்: "மூணு லீவா? பல்லு முப்பத்திரண்டு இருக்குது டாக்டர், லீவு வருஷத்துக்குப் பன்னெண்டுதான். புடுங்கிடுங்க."

கண்ணும் பல்லும்

மேல் பல்லைப் பிடுங்கினால் கண் போய்விடும் என்ற பயம் இந்தப் பக்கம் இன்னும் போகவில்லை. மேல் பல் ஆடிக்கொண்டிருந்த ஓர் அம்மாவுக்கு, கண்ணின் நரம்பு வேறு, பல்லின் நரம்பு வேறு என்று அரை மணி நேரம் எடுத்துச் சொன்னேன். நன்றாகத் தலையாட்டினார். ஜெயித்துவிட்டேன் என்று ஊசியைக் கையில் எடுத்தேன்.

"நீ சொல்றதெல்லாம் சரிதாம்மா. மேல இருக்கிறத வுட்டுட்டு, அதுக்கு நேரா கீழ இருக்கிறத எடுத்துடு."

பூச்சி

உறுவையாறு கிராமத்தில் நெல்லும் கரும்பும் பயிர் வைக்கிற முருகையன் பல்வலியோடு வந்தார். எக்ஸ்ரே எடுத்தேன், சொத்தை வேர் வரைக்கும் போயிருந்தது. "பூச்சியா டாக்டரம்மா?" என்று கேட்டார். வெளியே ஆறு பேர் காத்திருந்தார்கள். கிருமி, சொத்தை என்று விளக்க எனக்குப் பொறுமை இல்லை. ஊரே பூச்சிப் பல் என்றுதானே சொல்கிறது? "ஆமாங்க, பூச்சிதான் அரிச்சிருக்கு. வீக்கம் வத்த மாத்திரை தரேன், ஒரு வாரம் கழிச்சு வாங்க" என்று அனுப்பிவிட்டேன்.

நாலாம் நாள் அவர் மனைவி அஞ்சலை ஆட்டோவில் அவரைத் தாங்கிப் பிடித்துக் கொண்டுவந்தார். வேர்வை கொட்டியது, எச்சில் நிற்காமல் வழிந்தது, கண்ணின் பாவை ஊசிமுனையாகச் சுருங்கியிருந்தது. வாயைத் திறந்ததும் வயலில் மருந்து அடிக்கிற வாசனை. பல்லுக்குள் ஒரு பஞ்சு. "பயிருக்கு அடிக்கிறதுதாம்மா. காலையில இருந்து மூணு வாட்டி தொட்டு வச்சிக்கினாரு" என்றார் அஞ்சலை. அந்த மருந்து உள்ளே இறங்கினால் மூச்சே நின்றுவிடும். பஞ்சை எடுத்து, ஒருக்களித்துப் படுக்க வைத்து, வாயைத் துடைத்துத் துடைத்து, ஆம்புலன்ஸ் வரும்வரை அவர் மூச்சையே பார்த்துக்கொண்டு நின்றேன். வண்டியில் ஏறும்போது அஞ்சலை திரும்பி, "பல்லு வலிக்கு யாருனா சாவாங்களாம்மா?" என்று கேட்டார்.

பெரிய ஆஸ்பத்திரியில் மூன்று நாள் அவரைத் தீவிர சிகிச்சையில் வைத்திருந்தார்கள். அந்த மூன்று நாளும், இப்படியும் ஒரு மனுஷன் செய்வாரா என்று கிளினிக்கில் எல்லோரிடமும் அவரைத் திட்டிக்கொண்டிருந்தேன். பிழைத்து, இளைத்து, அதே பல்லோடு திரும்பி வந்தபோது அவரையே நேரில் பிடித்துக் கொண்டேன். "விஷத்தைப் போய் வாயில வைப்பீங்களா? யார் சொன்னாங்க உங்களுக்கு?" என்று கத்தினேன். அவருக்குக் கோபமே வரவில்லை. நான் ஏன் கத்துகிறேன் என்று புரியாமல்தான் பார்த்தார்.

"நீங்கதான பூச்சின்னு சொன்னீங்க டாக்டரம்மா. முப்பது வருசமா பயிரு வைக்கிறன், பூச்சிக்கு இன்னா மருந்துன்னு எனக்குத் தெரியாதா?"

அன்றிலிருந்து பல்லைப் பற்றிப் பேசும்போது உயிருள்ள எதன் பெயரையும் நான் வாயில் எடுப்பதில்லை.