பஸ் கண்ணாடியில் ஒரு கணக்கு

சாமை வாங்க வெள்ளிமலைக்குப் போகும்போதெல்லாம் பஸ்ஸில் என் பக்கத்தில் ஒரு இயற்பியல் வாத்தியார் இருப்பார். கோபித்துக்கொண்டு போன மகனை மலையில் யாரோ பார்த்தார்களாம். வாராவாரம் தேடிப் போனார்.

புழுதிக் கண்ணாடியில் விரலால் அடிக்கோடு போட்டு, மேலே பஸ்ஸின் வேகம் ஏறி இறங்குவதை வளைகோடாக வரைவார். நடுவிலுள்ள இடத்தை உள்ளங்கையால் தேய்ப்பார்.

“இன்னா சார் இது?” என்று ஒருநாள் கேட்டேன்.

“தேய்ச்ச எடந்தாங்க வந்த தூரம். திரும்பும்போது வளைவு அடிக்கோட்டுக்குக் கீழ வரும். மேல கீழ கழிச்சா சைபர். பொறப்பட்ட எடத்துக்கே வந்துட்டோம்னு அர்த்தம்.”

அன்று சாயங்காலம் அதே பஸ்ஸில் தனியாகத்தான் திரும்பினார். கீழ்ப்பாதியையும் தேய்த்தார்.

“சைபருங்களா சார்?”

“சைபருங்க. அவன் கூட உக்காந்து வந்திருந்தாலும் கணக்கு சைபர்னுதான் சொல்லும்.”

உள்ளங்கைப் புழுதியை அவர் தட்டவில்லை. இன்றும் பஸ் கண்ணாடியைத் துடைக்க எனக்குக் கை வருவதில்லை.