பார்த்த நாள்: ஞாயிற்றுக்கிழமை

கீழ் கோத்தகிரியில் எங்கள் லைன் வீட்டில் சிக்னல் வராது. தேயிலை ஃபேக்டரிக்கு மேலே உள்ள சாலை வளைவில் நின்றால்தான் கிடைக்கும். ஆராய்ச்சிக்கு வேண்டிய இணையப் பக்கங்களை அங்கே நின்று கைபேசியில் ஒவ்வொன்றாகத் திறந்துகொள்வேன். மூடாமல் வீட்டுக்குக் கொண்டுவந்து, நேரம் கிடைக்கும்போது படிப்பேன். எங்கள் பக்கத்தில் படிக்கிற எல்லோரும் அப்படித்தான். ரீலோட் மட்டும் ஆகிவிடக் கூடாது.

என் ஆய்வு, இலங்கையிலிருந்து திரும்பி வந்து எஸ்டேட்டுகளில் குடியேறியவர்களைப் பற்றியது. என் குடும்பமும் அப்படி வந்ததுதான். எங்களைப் போலவே வந்த, ஓய்வுபெற்ற எஸ்டேட் கிளார்க் ஒருவரின் வலைப்பூவில் ஒரு வரி இருந்தது: எங்கள் எஸ்டேட் பள்ளிக்கூடத்தை, வந்த சனமே கட்டிக்கொண்டது. நான் ஐந்தாவது வரை படித்த பள்ளிக்கூடம் அது. படித்ததும் தலைகால் புரியவில்லை. அந்த ஒரு வரியை வைத்து ஒரு முழு அத்தியாயம் எழுதினேன். அடிக்குறிப்பில், பார்த்த நாள் என்று, வீட்டில் உட்கார்ந்து படித்த ஞாயிற்றுக்கிழமையைப் போட்டேன். வளைவில் நின்று திறந்தது அதற்கு முந்தைய திங்கட்கிழமை. அது ஒரு விஷயமாகவே எனக்குத் தோன்றவில்லை.

இரண்டு வாரம் கழித்து, ஊட்டியில் கல்லூரி அறையில் என் நெறியாளர் அந்தப் பக்கத்தைத் தன் கணினியில் திறந்தார். கோயம்புத்தூர்க்காரர். அடிக்குறிப்பைச் சரிபார்க்காமல் ஒரு பக்கமும் தாண்டமாட்டார்.

"ஏம்மா, நிர்வாகம் கட்டுச்சுன்னுல்ல இதுல போட்டிருக்குது?"

"நான் பாக்கறப்ப சனமே கட்டுச்சுன்னு இருந்துச்சுங்க மேடம்."

"கீழ பாரு. கடைசியா திருத்துன நாள் வெள்ளிக்கிழமை. நீ ஞாயித்துக்கிழமை பாத்ததா எழுதியிருக்கற. ஞாயித்துக்கிழமை இது இப்படித்தான இருந்திருக்கோணும்?"

எனக்குக் காது சூடாகிவிட்டது. வளைவையும் சிக்னலையும் சொன்னேன். சொல்லும்போதே அது சாக்குப்போக்கு மாதிரித்தான் இருந்தது. காட்டிவிடலாம் என்று கைபேசியை எடுத்தேன். கல்லூரி வைஃபை தானாக இணைந்துகொண்டது. பக்கம் ஒரு கணம் வெள்ளையாகி, என் கண் முன்னாலேயே புதிதாகத் திறந்தது. நிர்வாகம் கட்டியது என்றது.

பழைய பக்கங்களைச் சேமித்துவைக்கும் தளத்திலும் தேடினோம். இந்தச் சின்ன வலைப்பூவை அது சீண்டியிருக்கவில்லை.

"ஆதாரத்த நீயா உருவாக்குனேன்னு ஆய்வேட்ட மதிப்பிட வெளிய இருந்து வர்றவரு சொன்னா, நான் என்ன பதில் சொல்றது?" என்றார். கோபமாகக் கேட்டிருந்தால் தேவலை. சாதாரணமாகத்தான் கேட்டார். நான் பொய் சொல்கிறேன் என்று அவர் நினைக்கத் தொடங்கிவிட்டார். ஆய்வு போனாலும் பரவாயில்லை, அந்தப் பெயர் மட்டும் வேண்டாம் என்றிருந்தது.

வலைப்பூவில் இருந்த மின்னஞ்சல் முகவரிக்கு, நடந்ததைச் சொல்லி அந்த கிளார்க்குக்கு எழுதினேன். மூன்றாம் நாள் பதில் வந்தது. வளைவில் நின்று படித்தேன்.

"நீங்க படிச்சது சரிதான் பிள்ள. முதல்ல நான் அப்பிடித்தான் எழுதியிருந்தேன். எங்க அக்கா படிச்சிட்டு, நாம எங்கடா கட்டினோம், கல்லுதானே தூக்கினோம்னு ஏசினா. அது உண்மைதான். ஒரு வேகத்துல எழுதிட்டேன். அந்த வெள்ளிக்கிழமைதான் மாத்தினேன்."

அப்போதே நெறியாளருக்கு அனுப்பிவிட்டுக் கூப்பிட்டேன். படித்து முடிக்கும்வரை லைனிலேயே இருந்தேன்.

"சரி, நீ பொய் சொல்லலைன்னு ஆச்சு," என்றார். "சனம் கட்டலைன்னும் ஆச்சேம்மா."

வீட்டுக்கு வந்து மடிக்கணினியைத் திறந்தேன். அத்தியாயத்தில் 'கட்டினார்கள்' என்று வந்த இடங்களைத் தேடினேன். பதினேழு இருந்தன. ஒவ்வொன்றாக அழித்து, 'கல் சுமந்தார்கள்' என்று அடித்தேன். பத்தாவது இடத்தில் அழுகை வந்துவிட்டது. மீதி ஏழையும் அழுதுகொண்டேதான் மாற்றினேன்.