பின்னணியில் இருப்பவர்

எம்.எல்.ஏ.வை வேவு பார்ப்பது என்றால் கறுப்புக் கண்ணாடி போட்டுக்கொண்டு காரில் பின்தொடர்வது என்று என் மைத்துனன் இன்னமும் நினைத்துக்கொண்டிருக்கிறான். நான் அவர் வீட்டு முன்கூடத்தில் பிளாஸ்டிக் நாற்காலியில் உட்கார்ந்து, அவர் வீட்டு டீயைக் குடித்தபடிதான் வேவு பார்த்தேன். காவல்துறையின் உளவுப் பிரிவில் நான் ஏட்டு. அலுவலகம் செங்கல்பட்டில், மாமல்லபுரம் கடற்கரைப் பக்கம் என் பொறுப்பு. அந்தத் தொகுதி எம்.எல்.ஏ. எங்கே போகிறார், யாரைப் பார்க்கிறார், யார் மேல் கடுப்பில் இருக்கிறார் என்று தினமும் காலை பத்து மணிக்குள் மேலே குறிப்பு போக வேண்டும்.

எட்டு மணிக்கு அவருடைய உதவியாளருக்குப் போன் செய்வேன். அவர் அன்றைய நிகழ்ச்சிகளை வாட்ஸ்அப்பில் தட்டிவிடுவார். காதுகுத்து, பூமி பூஜை, கட்சிக்காரர் வீட்டுச் சாவு. அதை எங்கள் நடையில் திருப்பி எழுதி, கடைசியில் 'நிலைமை சுமுகம்' என்று போட்டு அனுப்புவேன். பதிலுக்கு, எங்கே மறியல் நடக்கப்போகிறது, எந்த ஊரில் அவரைத் திட்டுகிறார்கள் என்று நான் அவர் காதில் போட்டுவைப்பேன். அப்படிச் சொல்லக்கூடாது என்பது விதி. சொல்லாத ஏட்டுக்கு ஒரு சேதியும் கிடைக்காது என்பது இன்ஸ்பெக்டருக்கும் தெரியும்.

எம்.எல்.ஏ. இதையெல்லாம் மறைப்பதே இல்லை. என்னைக் கண்டதும், "இன்னா ஏட்டு, இன்னைக்கு என்னப் பத்தி இன்னா எழுதப்போற?" என்பார்.

"நீங்களே சொல்லுங்க சார்."

"சளி புடிச்சிகினு கீதுன்னு எழுது. மேல கீறவங்க விசாரிக்கட்டும்."

கூடத்தில் இருப்பவர்கள் சிரிப்பார்கள். நானும் சிரிப்பேன். வெட்கக்கேடு, பல வருஷம் இப்படிச் சிரித்தே ஓட்டினேன்.

சட்டமன்றம் கூடப்போகிறது என்றால் மட்டும் சிரிப்பு குறையும். ஆளும் கட்சி உறுப்பினரே எழுந்து எக்குத்தப்பாக எதையாவது கேட்டுவைத்தால் அமைச்சர் திருதிருவென்று விழிக்க வேண்டியிருக்கும். அதனால் எங்கள் எம்.எல்.ஏ. என்ன கேட்கப்போகிறார் என்று முன்கூட்டியே சொல்வது எங்கள் தலையில் விழும். அப்படி ஒரு கூட்டத்தொடருக்கு முன் உதவியாளர் என்னிடம் ஒரு மனுவை நீட்டினார். திருவிடந்தைக்குப் பக்கத்து மீனவர் குப்பத்திலிருந்து வந்தது. பக்கத்துச் சொகுசு விடுதி தன் மதிலைக் காப்பாற்றக் கடலோரம் கல் கொட்டியிருக்கிறது. அன்றிலிருந்து அலை இவர்கள் பக்கத்தை அரிக்கிறது, படகை ஏற்றி நிறுத்த மணல் இல்லை. கடலுக்குள் கல் அடுக்கித் தூண்டில் வளைவு கட்டித் தர வேண்டும் என்று கேட்டிருந்தார்கள்.

"அண்ணன் இத சபையில பேசியே தீருவேன்றாரு. ரொம்ப சூடா கீறாரு," என்றார் உதவியாளர். நான் மனுவைப் போனில் படம் எடுத்துக்கொண்டேன்.

எங்கள் படிவத்தில் ஒரு கட்டம் உண்டு: 'பின்னணியில் இருப்பவர்.' மீன் பிடிக்கிறவன் தன் கஷ்டத்தைத் தானே நாலு வரி ஒழுங்காக எழுதிவிடுவான் என்று மேலே யாரும் நம்புவதில்லை. யாராவது தூண்டிவிட்டிருக்க வேண்டும். கட்டத்தைக் காலியாக விட்டால், "ஏன், ஊருக்குப் போய் விசாரிக்கக் கால் வலிக்குதா?" என்று இன்ஸ்பெக்டர் போனில் என்னைக் காய்ச்சி எடுப்பார். ஆகவே பைக்கை எடுத்துக்கொண்டு குப்பத்துக்குப் போனேன். முதல் கையெழுத்துப் போட்டவர் எனக்குப் பழக்கமானவர்தான். படகு நிழலில் உட்கார்ந்து வலையில் சிக்கிய நண்டுகளைக் கழற்றிக்கொண்டிருந்தார்.

"மனு நல்லா இருக்கே, யாரு எழுதிக் குடுத்தது?" என்று சாதாரணமாகக் கேட்டேன்.

"எம் பொண்ணு சார். டிகிரி முடிச்சிட்டு சிறுசேரில கம்பெனிக்குப் போய்கினு கீது. மூணு நாளு ஒக்காந்து எழுதிச்சி." அப்படி ஒரு பூரிப்பு அவர் முகத்தில். கிளம்பும்போது வேண்டாம் என்றாலும் கேட்காமல் நாலு நண்டைப் பையில் போட்டுக் கொடுத்தார்.

கருங்குழியில் என் வீட்டில் அந்த நண்டு குழம்பில் கொதித்துக்கொண்டிருந்தபோது நான் கட்டத்தை நிரப்பினேன். 'மேற்படியாரின் மகள், பட்டதாரி. மீனவர்களை ஒன்றுதிரட்டித் தூண்டிவருகிறார்.' அவள் யாரையும் திரட்டவில்லை. அந்த வாக்கியம் எங்களுக்குக் கைப்பழக்கம், எல்லாக் குறிப்பிலும் வரும். அனுப்பிவிட்டுக் கை கழுவிச் சாப்பிட உட்கார்ந்தேன். நன்றாகச் சாப்பிட்டேன் என்பதையும் சொல்லிவிடுகிறேன்.

எம்.எல்.ஏ. சபையில் பேசவில்லை. "நான் கெளம்பறதுக்குள்ள மேலேர்ந்து போன் வந்துட்ச்சி. உன் வேலதானா ஏட்டு?" என்று கேட்டார். கோபம்கூட இல்லை. "வுடு, எனக்கும் ஒரு பேஜாரு மிச்சம்." மனு பீரோவுக்குள் போனது. நானும் மறந்துபோனேன்.

அடுத்த வருஷம் குப்பத்திலிருந்து போன் வந்தது. மகள் காவலர் தேர்வில் பாஸாகிவிட்டாளாம். எழுத்து, ஓட்டம், உயரம் எல்லாம் முடிந்து நடத்தைச் சரிபார்ப்பு மட்டும்தான் பாக்கி. வயது வரம்பில் இதுதான் கடைசி வாய்ப்பு. "ஒங்க டிபார்ட்மெண்டுக்கே வருது சார்," என்றார் அவளுடைய அப்பா. நான் வாழ்த்துச் சொன்னேன். சொல்லும்போதே நான் நிரப்பிய அந்தக் கட்டம் நினைவுக்கு வந்தது.

கோப்பு என் மேஜைக்கே வந்தது. கணினியில் அவள் அப்பா பெயரைத் தட்டினால் என் குறிப்பு எழுந்து நிற்கிறது. இன்ஸ்பெக்டரிடம் எடுத்துக்கொண்டு போனேன்.

"முந்தைய குறிப்பு தப்புன்னு நீ எழுதித் தரலாம். அப்போ விசாரிக்காம எழுதினேன்னு ஆகும், மெமோ வரும். ஓய்வுக்கு எவ்வளவு இருக்கு?"

"பத்து மாசம் சார்."

அவர் அடுத்த கோப்பைப் பிரித்துக்கொண்டார்.

எம்.எல்.ஏ.விடம் போனேன். ஒரு வார்த்தை மேலே சொல்லுங்கள் என்று முதல்முறையாக அவரிடம் எனக்காகக் கேட்டேன். அவர் கூடத்தில் இருந்தவர்களை அனுப்பிவிட்டுக் குரலைத் தாழ்த்தினார். "நீ எழுதினத நான் எப்பிடி மாத்தறது? இதுல நான் தலையுட்டா, நாளைக்கு என்னப் பத்தி இன்னா எழுதுவீங்களோ." அவர் என்னைப் பார்த்துப் பயப்படுகிறார் என்பது அன்றைக்குத்தான் எனக்கு உறைத்தது. அத்தனை வருஷம் அந்த மனிதர் பயந்துகொண்டேதான் எனக்கு டீ கொடுத்திருக்கிறார்.

தவறு என்னுடையது என்று இரண்டு தடவை எழுதி இரண்டு தடவையும் கிழித்துப் போட்டேன். எங்கள் குடும்பத்தில் எல்லோரும் அடுத்தவர் வயலில் கூலிக்குப் போனவர்கள். பென்ஷன் வாங்கப்போகிற முதல் ஆள் நான்தான். அது போய்விடுமோ என்ற பயம். மெமோவுக்கெல்லாம் பென்ஷன் போகாது என்று எனக்குத் தெரியாதா? தெரியும். ஆனாலும் பயந்தேன். கடைசியில், 'இவர் மீது வழக்கு ஏதுமில்லை. முந்தைய குறிப்பு இணைக்கப்பட்டுள்ளது' என்று எழுதிக் கையெழுத்துப் போட்டேன். இரண்டு வரியும் உண்மை. அந்த உண்மையை வைத்தே அந்தப் பெண்ணின் வேலையைக் காலி செய்தேன்.

நிராகரித்த கடிதத்தோடு அவள் செங்கல்பட்டுக்கு வந்தாள். அலுவலகத்துக்கு எதிர் டீக்கடையில் நின்று பேசினோம். அழவில்லை.

"எங்களுக்கு ஆகாதவங்க யாரோ தப்பா எழுதி வுட்டுக்கீறாங்க சார். யாருன்னு ஒங்களால கண்டுபுடிக்க முடியும்னு அப்பா சொன்னாரு."

அவள் முகத்தைப் பார்க்க முடியாமல் கடிதத்தையே பார்த்துக்கொண்டு நின்றேன். "தெரியலம்மா. விசாரிக்கிறேன்," என்றேன். அவள் தன் நம்பரைக் கொடுத்துவிட்டு பஸ் ஏறினாள்.

நான் ஓய்வு பெற்றுவிட்டேன். பென்ஷன் வருகிறது. அவள் இப்போதும் வாரத்துக்கு ஒருமுறை போன் செய்கிறாள், ஏதாவது தெரிந்ததா என்று. எடுக்காமல் விட்டுவிடலாம், முடியவில்லை. "இன்னும் தெரியலம்மா," என்கிறேன்.

"பரவால்ல சார்," என்கிறாள். "எங்களுக்காக நீங்க ஒருத்தராவது கேக்கறீங்களே."