லூர்துராணியின் ‘நல்லா இருங்க’

மன்னார்புரத்தில் தையல் மெஷின் வைத்துப் பிழைத்த லூர்துராணி, மாதா கோயிலுக்குத் தவறாமல் போகிறவர். கெட்ட வார்த்தை வாயில் வராது. கோபம் வந்தால் கைகூப்பி, "நல்லா இருங்க" என்பார். அந்த ‘நல்லா’வை அவர் இழுக்கிற இழுப்பில், கேட்பவருக்கு அது சாபம் போலவே இருக்கும்.

1974 ஐப்பசியில், கொட்டும் மழையில் வீட்டைக் காலி செய்யச் சொன்ன வீட்டுக்காரர் ரத்தினவேலுக்குத்தான் அது முதலில் கிடைத்தது. சாமான்களை வண்டியில் ஏற்றிவிட்டு, "நல்லா இருங்க சார். குடும்பத்தோட நல்லா இருங்க" என்றார். பாவம் ரத்தினவேல், ஆறே மாதத்தில் மாடி கட்டினார்.

அடுத்தவர் ரேஷன் கடைக்காரர். மண்ணெண்ணெய் இல்லையென்று மூன்று தடவை திருப்பி அனுப்பினார், வாங்கிக் கட்டிக்கொண்டார். நாலு வருஷம் அலைந்தும் கிடைக்காத ஸ்ரீரங்கம் மாற்றல் அந்த வாரமே வந்தது. லூர்துராணியைக் கும்பிட்டுவிட்டுப் போனார்.

ஸ்ரீரங்கத்தில் அவர் வாய் சும்மா இருக்குமா? பூக்காரி ரெங்கம்மாள் டவுன் பஸ் பிடித்து வந்துவிட்டாள். மகளுக்கு வரன் தட்டிக்கொண்டே போகிறதாம்.

"உங்க தையல் சுத்த மோசங்க."

"உங்களுக்கு நான் எப்பங்க தச்சேன்?"

"தைக்கலைங்க. இருந்தாலும் மோசம்தான். கொஞ்சம் கோபப்படுங்களேன்."

லூர்துராணி சிரித்துவிட்டார். "காப்பி குடிக்கிறீங்களா?"

"அதெல்லாம் வேணாங்க. பஸ்ல நின்னுக்கிட்டே வந்திருக்கேன், வெறுங்கையோட அனுப்பாதீங்க" என்ற ரெங்கம்மாள், பக்கத்தில் கிடந்த கத்திரியை எடுத்துப் புது ஜாக்கெட் துணியை நறுக்கென்று வெட்டினாள்.

"நல்லா இருங்க! போங்க!"

ரெங்கம்மாள் ஒரு முழம் மல்லிகையை வைத்துவிட்டுச் சிரித்த முகத்தோடு போனாள். தை மாதம் கல்யாணப் பத்திரிகை வந்தது.

மனசார வாழ்த்தினால்தான் பலிப்பதில்லை. மகன் கிளமென்ட்டின் நெற்றியில் சிலுவை போட்டு, "நல்லா இருப்படா" என்று மூன்று இன்டர்வியூவுக்கு அனுப்பினார். மூன்றும் போயின.

நாலாவது, 1981-இல், திருவெறும்பூரில் ஒரு தொழிற்சாலை. கிளம்புகிற நேரத்தில் கிளமென்ட் மெஷின் ஊசியை வேண்டுமென்றே ஒடித்தான். லூர்துராணி அவனையே பார்த்தார். கோபம் வரவில்லை.

"கழுதை, சாப்பிட்டுட்டுப் போ" என்றார்.

வேலை கிடைத்தது. தெருவே ஊசியைப் பற்றிப் பேசியது. அவன் ராவும் பகலும் ஐ.டி.ஐ. பாடம் படித்ததை ஒருவரும் பேசவில்லை.

"அவன் படிச்சான், மார்க் வாங்கினான்" என்று லூர்துராணி வீடு வீடாகச் சொல்லிப் பார்த்தார். எல்லோரும் பயபக்தியோடு கேட்டுக்கொண்டார்கள். மறுநாள் காலை அவர் வீட்டு வாசலில் சண்டை போட ஏழு பேர் நின்றார்கள்.