மூடிமேல் ஒரு கறிவேப்பிலைக் கொத்து

1. அடைத்த மூக்கு

செம்பூர் மண்டபத்தில் ஒரு சஷ்டியப்தபூர்த்தி விருந்து. எங்கள் கேட்டரிங் குழுவில் சமையல் பொறுப்பு என்னுடையது. அன்று காலை எழுந்தபோது எனக்குச் சுத்தமாக வாசனையே தெரியவில்லை. கடும் ஜலதோஷம்.

சாமிக்குப் படைக்கும்வரை எதையும் நாக்கில் வைக்கக் கூடாது என்பது அந்தப் பாலக்காட்டு வீட்டாரின் நிபந்தனை. இப்படிப்பட்ட விருந்துகளில் அண்டாவிலிருந்து எழும் ஆவியை வைத்தே நான் உப்பைச் சொல்லிவிடுவேன்.

விருந்து கொடுக்கும் மாமா சமையற்கட்டுக்கே வந்தார்.

"பொண்ணு கல்யாணத்தையும் உங்களுக்கே தரலாம்னு இருக்கேன். இன்னிக்குச் சாப்ட்டுப் பாத்துட்டுச் சொல்றேன், கேட்டேளா?"

2. இரண்டு பேர், ஒரு அண்டா

தாராவியிலிருந்து வரும் முத்தையா அண்ணாச்சியும் இசக்கியும் என் குழுவின் தூண்கள். "ரெண்டு பேரும் சாம்பாரைப் பாத்துக்குங்க" என்று சொல்லிவிட்டுப் பந்தி ஏற்பாட்டுக்குப் போனேன். வேலையைப் பிரித்துக் கொடுத்த நிம்மதி எனக்கு.

திரும்பி வந்தேன்.

"யக்கா, சாம்பாருக்கு உப்பு போட்டாச்சு," என்றாள் இசக்கி.

"ஏ புள்ள, நான்லா போட்டேன்?" என்றார் அண்ணாச்சி.

"நீங்க எப்பப் போட்டிய?"

"நீ முருங்கைக்கா கழுவப் போனப்போ."

"அய்யய்யோ! நான் வந்து போட்டேனே!"

இருவரும் என் மூக்கைப் பார்த்தார்கள். நான் தும்மினேன்.

3. கொத்து

"என்னைப் பாக்காதீங்க. அண்ணாச்சி, சாம்பார் இனிமே உங்களோடது. முடிவும் உங்களோடது. இசக்கி, ரசமும் பாயசமும் உனக்கு."

"நெசமாவா?" என்றார் அண்ணாச்சி.

"நெசமாத்தான்."

வேட்டியை இறுக்கிக் கட்டிக்கொண்டு ஒரு காலி அண்டாவை இழுத்தார். சாம்பாரில் பாதியை அதில் ஊற்றினார். உப்பில்லாமல் புதிதாகப் பருப்பும் காயும் வேகவைத்து, புளி கரைத்து, இரண்டிலும் சேர்த்தார். பிறகு ஒவ்வொரு மூடியின்மேலும் ஒரு கறிவேப்பிலைக் கொத்தை வைத்தார்.

"உப்பு சரியாயிட்டுன்னு அடையாளம். கொத்து இருந்தா வேற எவரும் கிட்ட வரப்படாது."

"எனக்கும் ரெண்டு கொத்து தாங்க. ஜல்தி!" என்றாள் இசக்கி.

பந்தியில் மாமா இரண்டாம் முறையும் சாம்பார் கேட்டு வாங்கினார். "பேஷ்! யாரோட கைப்பக்குவம்?"

"முத்தையா அண்ணாச்சியோடது."

"அப்போ கல்யாணத்துக்கும் சாம்பார் அவர்தான்."

கூடுதலாக வந்த சாம்பார் அண்டா மண்டபத்து வாட்ச்மேன் வரைக்கும் போய்க் காலியானது.

இருவரிடம் பொதுவாகச் சொன்ன வேலை யாருக்கும் சொந்தமாவதில்லை. பெயர் சொல்லிக் கொடுக்க வேண்டும், முடிவெடுக்கும் உரிமையோடு. அதைவிடக் கடினம், கொடுத்தபின் விலகி நிற்பது.

போன வாரம் மாட்டுங்காவில் ஒரு விருந்து. மூக்கு தெளிவாக இருந்தது. ரசத்தின் மூடியை நோக்கிக் கை தானாக நீண்டது.

"யக்கா, கொத்து கண்ணுக்குத் தெரியலையா? சலோ, தள்ளி நில்லுங்க!" என்று இசக்கி கரண்டியைக் காட்டினாள்.

தள்ளி நின்றேன். அங்கிருந்தே ரச வாசனை நன்றாக வந்தது.